கிணற்றில் ஐந்து நாள்

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கான அறிமுகக் கூட்டத்தில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அதில் நாலு நிமிடம் மேடையில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்வதில் போயிற்று. மூன்று நிமிடம் கோப்புகளை எப்படி அடுக்குவது என்று விளக்கினேன். மிச்ச மூன்று நிமிடத்தில் கலை என்றால் என்ன என்பதையும் சொல்லி முடித்துவிட்டேன். உங்களில் ஒரு பெண் மட்டும் கொட்டாவியை மறைக்கவில்லை. அவருக்கு இந்த வேலையில் நல்ல எதிர்காலம் இருக்கிறது. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

இந்தச் சங்கரன்கோவில் கலை பண்பாட்டு மையத்தில் எட்டு வருஷம் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பிறகு விருப்ப ஓய்வு. விருப்பம் யாருடையது என்பதில் எனக்கும் நிர்வாகத்துக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. முன்னும் பின்னும் நாலைந்து இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன், டுடோரியலில் வரலாறு நடத்தினேன், உர நிறுவனத்துக்கு விளம்பர வாசகம் எழுதினேன். அதில் எதுவும் என் கனவில் வருவதில்லை. இது மட்டும் வருகிறது. கனவில் நான் எப்போதும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். எங்கே போடுவது என்று தெரியாது.

நீங்கள் பொய்க்கூரையும் ஏசியுமாகப் பார்க்கும் அரங்கம் அப்போது அப்பட்டமான பஞ்சுக் கிட்டங்கி. ஆட்டோக்காரர்களுக்கு அது ‘டான்ஸ் ஆபீஸ்’. ஓடுகளுக்கு அடியில் பழைய பஞ்சு இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் சாய்ந்து இறங்கும்போது, மேடையில் யாராவது வாத்தியத்தை அடித்தால் மேலே இருந்து ஒன்றிரண்டு இழை கழன்று, எந்த அவசரமும் இல்லாமல் அந்த வெளிச்சத்தில் மிதந்து வரும். பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர் மேடையைப் பார்ப்பார்கள், மீதிப்பேர் அந்தப் பஞ்சைப் பார்ப்பார்கள். நான் இரண்டையும் பார்க்கமாட்டேன். கடிகாரத்தைப் பார்ப்பேன். அதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

ஒரு வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு வில்லுப்பாட்டு. ஐந்து மணிக்கு எங்கள் பரத வகுப்புப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வழங்கும் விழா. சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து வரும் ஓர் அதிகாரி. வில்லுப்பாட்டுக்குக் குருவிகுளம் பக்கத்திலிருந்து சுப்புத்தாயின் குழு வந்திருந்தது. சுப்புத்தாய்க்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த வட்டாரத்தில் கோயில் கொடைத் திருவிழா என்றால் அவர் தேதியைக் கேட்டுத்தான் பந்தக்கால் நாட்டுவார்கள். இரண்டு கைபேசி வைத்திருந்தார், இரண்டும் அடித்துக்கொண்டே இருக்கும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடிப்பவர் மாடசாமி, அவருடைய வீட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார்.

அன்று எடுத்த கதை ஒரு பெண்ணுடையது. பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு கோயிலில் இன்றைக்கும் தெய்வமாக நிற்கிற பெண். கூடப்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேரும் யாரோ சொன்ன கோளை நம்பி, தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாழுங்கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். அன்றைக்கு இதுவரைதான் எனக்குத் தெரியும். ஏன் இதுவரைதான் தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஐந்து மணிக்கு வரவேண்டிய அதிகாரி நாலு மணிக்கே வந்துவிட்டார். சீக்கிரம் வருகிற அதிகாரியைப் பற்றி எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது. எங்கள் செயலாளர் வாசலில் சால்வையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரம் ஆகும் சார்.”

“அரை மணி நேரம் அவரை கார்லயா உக்காத்தி வைக்க முடியும்? முடிக்கச் சொல்லும்.”

நான் ஓரத்தில் நின்று கையைக் காட்டினேன். சுப்புத்தாய் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு சீட்டு எழுதி மேடையில் வைத்தேன். அதன்மேல் பஞ்சு வந்து உட்கார்ந்தது. கார்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டேன்.

அந்த நேரம் என் அறிவைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் போடாமல், யாரையும் புண்படுத்தாமல், ஒற்றை விரலில் முடித்துவிட்டேன் அல்லவா?

சுப்புத்தாயின் வாய் இன்னும் இரண்டு சொல் அசைந்தது. பிறகு வில்லின் மணிகள் நின்றன. திரையை இழுத்தோம். உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் எழுந்து டீக்கடைக்குப் போனார்கள், சிலர் பஸ்ஸுக்குப் போனார்கள். பரதப் பிள்ளைகளின் பெற்றோர் வந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அதிகாரி நாட்டார் கலைகளைப் பாதுகாக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.

விழா முடிந்து ஒப்பனை அறைக்குப் போனால், குழு கிளம்பவில்லை. வில் நாணோடு அப்படியே கிடந்தது. பாட்டு முடிந்ததும் வாழி பாடி நாணை அவிழ்ப்பதுதான் அவர்கள் வழக்கம். சுப்புத்தாய் அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, வேன் வரலையா?”

“வேன் வந்துட்டு அண்ணாச்சி. அவளத்தான் என்ன செய்யன்னு தெரியல.”

“எவள?”

“கெணத்துல கெடக்காளே, அவள.”

நான் சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“நான் தள்ளிவிட்டுட்டேன் அண்ணாச்சி. தூக்குததுக்குள்ள நீங்க அணைச்சிட்டிய. அவ கைலாசம் போயி வரம் வாங்கி ஏறி வரணும். அதுக்குப் பெறகுதான் வாழி. ஏறாம வுட்டா இந்தக் கதைய இனிம நான் எடுக்கக்கூடாது.”

“இதுக்கென்ன, இப்பவே இங்கனயே பாடிருங்க.”

“யாருக்குப் பாட? விழுந்ததக் கேட்டவுகளுக்குத்தான ஏறுனதச் சொல்லணும்.”

“எனக்குப் பாடுங்களேன்.”

“நீங்க எங்க கேட்டிய? வாசல்லல்ல நின்னிய.”

அப்போது மாடசாமி முதல் தடவையாக வாயைத் திறந்தார். “வார செவ்வாய்க்கு அடுத்த செவ்வா மத்தியானக் கொடை. அவ கோயிலு. அங்கன இந்தக் கதைதான் பாடணும். வேற கதை பாடப்படாது. நாம இல்லைன்னா வேற குழுவ வைப்பாவ. ஒரு வருசம் வேற ஆளு உக்காந்துட்டா அப்புறம் நமக்கு அங்கன எடம் கிடையாது.”

அன்றைக்கு ஞாயிறு. கொடைக்கு ஒன்பது நாள் இருந்தது. சுப்புத்தாய் அழவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு கைபேசியையும் அணைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும்தான் என் ஒற்றை விரல் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

“மொத்தம் எத்தன பேரு கேட்டாவ?” என்றேன்.

“நாப்பத்தி மூணு,” என்றார் மாடசாமி.

“எப்படித் தெரியும்?”

“குடம் அடிக்கையில கைக்குத்தான வேலை. கண்ணு சும்மாதான இருக்கு. எண்ணுவேன்.”

என்னுடைய அறிக்கையில் அந்தக் கூட்டம் நூற்றைம்பது என்று அன்று காலையிலேயே தட்டச்சாகி இருந்தது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வரும். படித்த மனிதர்தானே, இதையெல்லாம் நம்பினீரா? நம்பவில்லை. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான். சடங்குகளின் சமூகப் பின்னணியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன், கேட்க ஆள் கிடைத்தால். ஆனால் சுப்புத்தாய் நம்பினார். வில் அவருடையது, கதை அவருடையது. நான் நம்புகிறேனா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நெருக்கடி நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, இதில் நஷ்டம் யாருக்கு என்பதை. நம் கருத்தை ஓய்வு பெற்ற பிறகு எழுதிக்கொள்ளலாம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பத்தி மூணு பேரையும் கொண்டாருதேன்,” என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் தெருவில் இறங்கினேன். வைகாசிக் காற்று ஊரை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் யார், எவர் என்ற பதிவேடு எங்களிடம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கவலையோடு பூச்சந்தைக்குள் நுழைந்தால், மல்லிகைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“சார், டான்ஸ் ஆபீஸ் சார்! அந்தப் புள்ள என்ன ஆனா?”

பூக்கட்டுகிற அம்மாள் ஒருவர். கை நாரில் ஓடிக்கொண்டே இருந்தது. “நேத்து வந்து படுத்தா தூக்கமே வரல. கண்ண மூடுனா கெணறு. அவ அங்கன உக்காந்து மேல பாக்கா. நீங்க பாட்டுக்கு டப்புன்னு அமத்திட்டிய.”

அதன்பிறகு நான் யாரையும் தேடவில்லை. அவர்கள்தான் என்னைத் தேடினார்கள். அந்த நாலு நாளும் ஊர் எனக்கு வேறு மாதிரி இருந்தது. தெரிந்த தெருக்கள்தான், ஆனால் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி. சத்தங்கள் தூரத்திலிருந்து வந்தன. பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளர் விசில் ஊதுவதை நிறுத்தி, “ஏறிட்டாளா?” என்றார். பவர்லூம் கொட்டகை ஒன்றில் ஒருவர் தறியை நிறுத்திவிட்டு வந்து, தறிச் சத்தத்துக்கு நடுவே யாரோ ‘அண்ணே’ என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது என்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எந்த அண்ணன் தள்ளினான், மூத்தவனா இளையவனா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொண்டார். டீக்கடையில் இரண்டு பேர் இதற்காகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே, ரெண்டு பேரும் சேந்துதாம்ல தள்ளுனானுவ!”

“நீரு பாத்தீராக்கும்?”

“பாக்காம? முன் வரிசைலல்லா இருந்தேன்!”

ஒரு கோபுரம், நாலு மாட வீதி, இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிணறு. ஊரில் பாழுங்கிணறு எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நடக்கும்போது காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

புதன்கிழமைக்குள் என் பட்டியலில் தொண்ணூற்று ஆறு பேர். உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் அரங்கத்துக்கு வராத கூட்டம், புதன்கிழமை வந்ததாகச் சத்தியம் செய்தது. மாடசாமியைக் குருவிகுளத்திலிருந்து வரவழைத்தேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இவரு இருந்தாரு. இந்த அக்கா ரெண்டாவது வரிச. இவரு இல்ல.”

“என்னவே இல்லங்கீரு? நான் வந்தேம்லா!”

“வந்திய. வாசல்ல சுண்டல் தின்னுட்டுப் போயிட்டிய.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போனார். இப்படிக் கழித்துக் கழித்து நாற்பத்திரண்டு ஆயிற்று. ஒருவர் குறைந்தார். மாடசாமி கண்ணை மூடி வரிசைகளை மனத்துக்குள் நடந்து பார்த்தார். “கடைசி வரிச, சுவரோரம். தொப்பி வச்ச பையன். கால்மாட்டுல பெட்டி. அவருதான்.”

டீக்கடைக்காரருக்கு நினைவிருந்தது. கடையநல்லூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதென்று நிழலுக்கு ஒதுங்கிய ஆள். சவூதிக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாராம். வியாழக்கிழமை கடையநல்லூருக்குப் போனேன். இரண்டு டிராவல்ஸ் அலுவலகத்தில் விசாரித்து, மூன்றாவதில் பெயர் கிடைத்தது. காஜா மைதீன். அவருடைய அக்கா வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்தி, என்னை ஏதோ வசூலுக்கு வந்தவன் என்று நினைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“அந்தக் கெணத்துக் கதையா? தம்பி வந்து சாப்புடும்போது சொன்னான். பாதிதான் கேட்டேன்னான். அதுக்கு மேல எங்களுக்குச் சோறு எறங்கல.”

அவரே எண்ணைப் போட்டுக் கொடுத்தார். ஜித்தாவில் ஏதோ கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து பேசினார் காஜா மைதீன். பின்னால் காற்றுச் சத்தம். நம்மூர்க் காற்று மாதிரியே இருந்தது.

“சார், ஏர்போர்ட்ல உக்காந்திருக்கும்போதும் அதே ஞாபகம்தான். அந்தப் புள்ள மவுத்தாயிட்டாளா, உசிரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க.”

“எனக்கே தெரியாது தம்பி.”

“உங்க ஆபீஸ்ல நடந்தது, உங்களுக்குத் தெரியாதா?”

இந்தக் கேள்வியை எட்டு வருஷத்தில் எந்தத் தணிக்கையாளரும் கேட்கவில்லை. நான் பேச்சை மாற்றி, நாளைக்குக் காலையில் போனில் கேட்க முடியுமா என்றேன்.

“வெள்ளிக்கிழம லீவுதான் சார். உங்களுக்குப் பத்தரைன்னா இங்கன எட்டு மணி. ஜும்ஆ தொழுகைக்குள்ள ஏத்திருவாங்கள்ல?”

செயலாளரிடம் அரங்கத்துக்கு அனுமதி கேட்கவேண்டியிருந்தது. ஒத்திகை என்று சொன்னேன். “யாருக்கு ஒத்திகை?” என்றார். “எனக்குத்தான் சார்,” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கே நாற்பத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். யாரும் சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். பூக்கட்டும் அம்மாள் கையில் நார் இல்லாமல் வந்திருந்தார், விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி வரிசையில் சுவரோரம் ஒரு நாற்காலி. அதில் என் கைபேசி, ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நின்றது. அதன் திரையில் ஒரு தொப்பியும் இரண்டு கண்களும்.

மாடசாமி குடத்தை மடியோடு அணைத்துக்கொண்டு எண்ணினார். “நாப்பத்தி மூணு.”

சுப்புத்தாய் வில்லை அடிக்கும் வீசுகோலைக் கையில் எடுத்தார். ஐந்து நாளாக நாண் அவிழ்க்காத வில். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் போய் நின்றேன், இந்தத் தடவை அதன்மேல் ஒரு ஈயைக்கூட உட்கார விடக்கூடாது என்ற தீர்மானத்தோடு. அவர் என்னையே பார்த்தார். கோல் இறங்கவில்லை.

“அண்ணாச்சி, நீங்க எதுக்கு நிக்கிய?”

“மைக்கப் பாத்துக்கிடுதேன்மா.”

“நீங்க கேட்ட ஆளு இல்லல்லா.”

அரங்கம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நாலு நாள் அலைந்து, கடையநல்லூர் வரைக்கும் போய் இவர்களைச் சேர்த்தவன் நான். கால் ஆணி வேறு வந்திருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பூக்கட்டும் அம்மாள் முந்திக்கொண்டார்.

“சார், வெளிய போயிருங்களேன். பாவம், எவ்வளவு நேரம் கெடப்பா.”

போனேன். கதவை நானே சாத்தினேன்.

வாசல் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். கிட்டங்கிச் சுவர் கெட்டியானது. சொல் எதுவும் வெளியே வராது. குடத்தின் துடிப்பு மட்டும் தரை வழியாக வந்தது. சில நேரம் வேகமாக, சில நேரம் நின்றுவிட்டதோ என்கிற மாதிரி. ஓர் இடத்தில் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை விட்ட சத்தம் கதவிடுக்கில் கேட்டது. பிறகு குலவை. அப்புறம் வாழி என்று நினைக்கிறேன், மணிகள் சீராக ஒலித்தன. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாது. அந்த அரை மணி நேரம்தான் நான் இந்த மையத்தில் செய்த உருப்படியான வேலை என்று அப்போது தோன்றியது. சும்மா இருந்தேன், கடிகாரம் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. முகம் கழுவியவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள். நேரக்காப்பாளர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். தலைமையாசிரியரை மறித்து, “எந்த அண்ணன் சார்?” என்றேன். “அது இப்ப முக்கியமில்லை,” என்று நடந்துவிட்டார். பூக்கட்டும் அம்மாளிடம் கேட்டேன்.

“ஏறிட்டா,” என்றார். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

உள்ளே சுப்புத்தாய் நாணை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைபேசியும் அடிக்க ஆரம்பித்திருந்தன. “செவ்வாக்கிழம கொடைக்கு வாங்க அண்ணாச்சி. காப்புப் பாட்டுக்கு முன்னயே வந்து உக்காந்துருங்க. நடுவுல எந்திரிக்கப்படாது, சொல்லிட்டேன்.”

அதற்குப் பிறகு எந்தக் கலைஞர் வந்தாலும் முதல் கேள்வியாக, ‘உங்க நிகழ்ச்சியை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது?’ என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வேன். கூத்துக்காரர்கள் யோசித்து யோசித்துச் சொல்வார்கள். எங்கள் பரத ஆசிரியை மட்டும், “எங்க வேணும்னாலும் நிறுத்துங்க சார், பேரண்ட்ஸுக்குத் தெரியாது,” என்றார். அந்தக் குறிப்பேடு உங்கள் அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. கோப்புகளை அடுக்குவதைவிட அது முக்கியம்.

செவ்வாய்க்கிழமை பனவடலிசத்திரம் போனேன். கொட்டகைக்குக் கீழே, மணலில், ஐந்நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்தேன். மேடையில் சுப்புத்தாய், அவருக்குப் பக்கத்தில் மாடசாமி, கைக்கு வேலையும் கண்ணுக்கு எண்ணிக்கையுமாக. காப்பிலிருந்து வாழிவரை கேட்டேன். அண்ணன்மார் அவளைக் கிணற்றங்கரைக்குக் கூட்டிப்போகும்போது சட்டைப்பையில் செயலாளர் மூன்று முறை அதிர்ந்தார். எடுக்கவில்லை. எனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் வருஷாவருஷம் கேட்பவர்கள், நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மணலைக் கைப்பிடியாக அள்ளி இறுக்கிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அவள் விழுந்தாள். பிறகு ஏறினாள்.

எப்படி ஏறினாள் என்று கேட்பீர்கள். அதை நான் சொல்லக்கூடாது. அவள் விழுந்ததை நீங்கள் இன்னும் கேட்கவில்லை.